பிடி அரிசியும் ஒரு நோட்டீசும்

நல்ல காரியத்துக்கு ஊரில் எப்படிக் கேட்பது, நோட்டீஸ் எப்படி எழுதுவது என்று என்னிடம் வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பால்வாடி நடத்துகிறவர்கள், தையல் வகுப்பு வைத்திருக்கிறவர்கள், மாதர் சங்கத்துப் பெண்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டுவார்கள். அதில் மூக்கொழுகிக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தையின் படம் இருக்கும். எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறிவிடும். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துபோகும். "இந்தக் குழந்தையோட அம்மாவைக் கேட்டீங்களா?" என்பேன். கேட்டிருக்க மாட்டார்கள். "நல்லதுக்குத்தானே டீச்சர்" என்பார்கள். அந்த வார்த்தையை நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளிலேயே போதும் போதும் என்னும்படி கேட்டாயிற்று.

எங்கள் ஊர் திருத்தணி. முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலை என்பார்கள். இருக்கட்டும். நான் கோபப்படக் கற்றுக்கொண்டது அந்த மலையின் அடிவாரத்தில்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை. எங்கள் குடும்பம் பாட்டன் காலத்திலேயே மிஷனில் சேர்ந்த குடும்பம். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பிறகும் ஆகவில்லை. வீட்டில் என் கோபத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் ஊர் வாங்கிக்கொண்டது.

ஒருநாள் காலை ஜெபத்தின்போது என் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நெசவாளர் தெருப் பெண். முகத்தில் தண்ணீர் தெளித்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் தெருவுக்குப் போனேன். எப்போதும் தறிச் சத்தத்தில் பேச்சுக் காதில் விழாத தெரு அது. அன்றைக்கு யார் வீட்டிலோ தண்ணீர் மொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. நூல் வரவில்லை. நூலுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் வந்திருந்தது, இவ்வளவுதான், இந்த விலைக்குத்தான் என்று. கடைவீதியில் இருந்த பெரிய நூல்கடையில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பின்கட்டு வழியாகப் போனால் இருக்கும், விலைதான் வேறு. இது ஊருக்கே தெரியும். பொதட்டூர்பேட்டையிலும் இதே கதைதான் என்றார்கள்.

மயங்கி விழுந்த பெண்ணின் தாய் என்னை உட்காரச் சொன்னாள். இடுப்பில் ஒரு பையன், மூன்று வயது இருக்கலாம், என் கைக்குடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் இல்ல டீச்சரம்மா, பித்தம்" என்றாள் அந்தத் தாய். அடுப்பைப் பார்த்தேன். சாம்பல்கூட இல்லாமல் துடைத்துக் கிடந்தது. அவள் என் பார்வையைப் பார்த்துவிட்டாள். இருவரும் வேறு எதையோ பேசினோம்.

இப்படித்தான் கஞ்சி ஊற்றுவது தொடங்கியது. பாழாய்க் கிடந்த ஒரு சத்திரத்தின் சமையற்கட்டை ஒழித்தோம். சமைக்க ஒருவர் கிடைத்தார். மலைக்கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். கோயிலில் அவருக்கு முறை இல்லாத நாட்களில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஒப்புக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போக மாட்டேன், அவர் வரச் சொல்லவும் மாட்டார். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது. கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டார். ஏன் என்று கேட்டேன். "சாமிக்குப் படைக்கறதை யாராவது ருசி பார்ப்பாளா? அப்புறம் கொழந்தைகளுக்கு வெச்சதை மட்டும் நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றார். உப்பு கூடிப்போனால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். அவரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அரிசிக்கு என்ன செய்வது? இங்கேதான் என்னிடம் கேட்க வருகிறவர்கள் காதைக் கொடுக்க வேண்டும். நான் எந்தப் பெரிய மனிதர் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய், ஆளுக்கு ஒரு சின்னப் பானையை அடுப்படியில் வைக்கச் சொன்னேன். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை நான் வந்து வாங்கிக்கொள்வேன். ரேஷன் அரிசி, அதிலும் கல்லும் குருணையுமாக வந்த காலம். ஆனால் ஒரு பிடி அரிசிக்கு வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம் பாருங்கள். அதை அந்தப் பெண்ணே கொடுக்கலாம். எங்கள் ஊரில் பெண்கள் யாரையும் கேட்காமல் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். ஆண்களிடம் போயிருந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை எப்போது போக வேண்டும்? சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு. பசியோடு இருக்கிறவரிடம் போய் இன்னொருவர் பசியைப் பற்றிப் பேசினால் எரிச்சல்தான் வரும். போனதும் பானையைப் பார்க்கக் கூடாது. போன வாரம் நீ கொடுத்த அரிசி என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த வாரம் முருங்கைக்கீரை போட்டோம், பிள்ளைகள் கீரையை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள், சமையல்காரர் கரண்டியைத் தூக்கி வீசினார். இப்படிச் சொல்வேன். சிரிப்பார்கள். ஒரு வாரம் அரிசியில் புழு வைத்துப் பாதி வீணாகிவிட்டது. அதையும் போய்ச் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். "ஐயோ, எங்க அரிசியா பாரு" என்று பெண்களோ பதறி அடுத்த வாரம் கூடுதலாகவே போட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆளை எங்கள் பெண்கள் நம்பினார்கள். இதற்குமேல் பிரசாரக் கலை எதுவும் எனக்குத் தெரியாது.

யார் கஞ்சி குடிக்கிறார்கள் என்று மட்டும் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. கேட்டால், "பசங்க" என்பேன். எந்தப் பசங்க என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவேன்.

ஒரு சனிக்கிழமை நெசவாளர் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மயங்கி விழுந்தவளின் தாய் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவள் வீட்டிலும் ஒரு பானை வைத்திருந்தாள். நான் வைக்கச் சொல்லவில்லை. மீதமிருந்த நூலில் அவள் புருஷன் நெய்த கைலி ஒன்று விற்றிருந்தது. அதில் வாங்கிய அரிசியில் எடுத்துப் போட்டது.

"நாங்களும் போடுறோம் டீச்சரம்மா. எங்க புள்ளைங்க ஒண்ணும் சும்மா வந்து குடிச்சினு போவல" என்றாள்.

"ஆங், குடுங்க" என்று முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன். அவள் தலை நிமிர்ந்து நின்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பல வீடுகளில் பானை வைத்தார்கள். பல வாரம் காலியாக இருக்கும். காலியாக இருந்தாலும் நான் போய்க் கேட்பேன். கேட்காமல் தாண்டிப் போனால் அவர்களுக்குக் கோபம் வரும். கஞ்சி குடிக்கிற வீட்டையும் கொடுக்கிற வீடாக வைத்திருந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு கூசாமல் ஓடி வந்தார்கள். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாய்தான் செய்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிற இடத்துக்கு ஒரு கமிட்டி வந்து சேராமல் இருக்குமா?

ஊரில் ஒரு வக்கீல் இருந்தார். படித்தவர், அதிர்ந்து பேசாதவர், காலையும் மாலையும் பூஜை செய்கிறவர். இந்தக் காரியம் பெரிதாக வளர வேண்டும், ஒரு சங்கமாகப் பதிய வேண்டும் என்றார். அவரே செக்ரட்டரி ஆனார். என்னையும் கமிட்டியில் போட்டார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொல்வதற்கு ஒரு பெண் வேண்டுமே. கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி சொன்னார் செக்ரட்டரி. கடைவீதி நூல்கடைக்காரர் மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்க முன்வந்திருக்கிறார். இனிக் குறையே இல்லை.

"யார், ஸ்டாக் இல்லன்னு பலகை மாட்டினவரா?" என்று கேட்டேன்.

கமிட்டி கனைத்துக்கொண்டது. "டீச்சர், கொடுக்கிற கையைப் பார்க்கக் கூடாது" என்றார் செக்ரட்டரி. ஏன் பார்க்கக் கூடாது? நூலைப் பூட்டி வைத்து ஒரு தெருவையே பட்டினி போட்ட கை, அதே தெருவுக்குக் கஞ்சி ஊற்ற வந்தால் அதை நன்றாகவே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொன்னேன். என் பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

கடைக்காரரின் நிபந்தனைகள் வந்தன. சத்திரத்து வாசலில் அவர் பேர் போட்ட பலகை. தினமும் முதல் கரண்டியை அவர் வீட்டு மனிதர் யாராவது வந்து ஊற்றுவார்கள். அதுவரை பிள்ளைகள் தட்டோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். பிறகு, தெருத்தெருவாகப் போய்ப் பிடி அரிசி வாங்குவதை நிறுத்த வேண்டும். அவர் கொடுக்கும்போது பிச்சை எடுப்பதுபோல் இருந்தால் அவர் பேருக்குக் குறைச்சல். கமிட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. நான் மட்டும் மாட்டேன் என்றேன். ஒருவர் கொடுப்பது நின்றால் என்ன செய்வீர்கள், நூறு வீட்டுப் பானை ஒரே நாளில் காலியாகாதே என்று கத்தினேன். "நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்றார் செக்ரட்டரி. உணர்ச்சிவசப்பட்டேன், ஆமாம். யாராவது ஒருவர் படவேண்டியிருந்தது.

கமிட்டித் தீர்மானத்தை மீற முடியாமல், அடுத்த சனிக்கிழமை போய், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும்போது நாக்கு கசந்தது. "ஏன், எங்க அரிசி நல்லா இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். வருஷ அறிக்கையில் அவர்களுக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது என்று பிற்பாடு செக்ரட்டரி காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. அரிசி போட்ட பெண்களில் ஒருத்திக்குக்கூட இங்கிலீஷ் தெரியாது.

கடைசியில் நோட்டீசுக்கு வருகிறேன். சென்னையில் உள்ள தனவான்களுக்கும், கலெக்டர் ஆபீசுக்கும், ஆடிக் கிருத்திகைக்கு வரும் ஜனங்களுக்கும் கொடுக்க நோட்டீஸ் அடிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அதில் போட்டோ வேண்டும். சென்னையிலிருந்து ஒருவர் முக்காலியும் கறுப்புத் துணியுமாக ரயிலில் வந்து இறங்கினார்.

முதல் நாளே தெருவில் செய்தி பரவிவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, இருந்ததில் நல்லதை உடுத்தி அழைத்து வந்தார்கள். என் குடையை இழுத்த அந்தப் பையனுக்கு அவன் தாய் ஒரு சட்டையே தைத்திருந்தாள். புருஷனின் தறியில் கடைசியாக ஓடிய பாவின் மிச்சத் துண்டு, நீலக் கட்டம் போட்ட கைலித் துணி. கையாலேயே தைத்தது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு சுற்றுப் பெரிதாக வைத்திருந்தாள். கழுத்துவரை பித்தான் போட்டு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டும் வைத்து என் கையில் கொடுத்தாள். "நைனா நெஞ்சது" என்று, அப்பா நெய்த அந்தச் சட்டையை இழுத்து எனக்குக் காட்டினான். தாய்மார்களைச் சத்திரத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

செக்ரட்டரி பிள்ளைகளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன இது, கல்யாண வீடு மாதிரி இருக்கு? சட்டையெல்லாம் கழட்டச் சொல்லுங்க. தலையையும் கொஞ்சம் கலைச்சு விடுங்க."

"எதுக்கு?"

"இப்படி எடுத்தா யார் குடுப்பா டீச்சர்? பார்க்கறவங்களுக்கு மனசு இரங்க வேண்டாமா?"

நான் சொன்னேன்: "இவங்க நெசவாளி வீட்டுப் பசங்க. துணியை அவிழ்த்துட்டு எடுத்தா அவங்க அப்பன்மார் மூஞ்சியில அடிக்கிற மாதிரி. கஞ்சிப் பானையை எடுங்க. அரிசி பொறுக்கற பொம்பளைங்களை எடுங்க. சும்மா கெடக்கிற தறியை எடுங்க, அதைப் பார்த்து இரங்கட்டும்."

"சும்மா கிடக்கிற தறியை எடுத்தா, ஏன் கிடக்குதுன்னு கேப்பாங்களே" என்றார் பக்கத்திலிருந்த ஒரு கமிட்டிக்காரர். விஷயம் அவ்வளவுதான். பட்டினியைக் காட்டலாம், பூட்டிய கிடங்கைக் காட்டக் கூடாது.

நான் பிள்ளைகளுக்கும் முக்காலிக்கும் நடுவில் போய் நின்றேன். செக்ரட்டரி குரலை உயர்த்தவில்லை. பள்ளிக்கூடத்து மானேஜரிடம் பேச வேண்டியிருக்கும் என்றார். பேசுங்கள் என்று நின்றேன். அவர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வைத்தார்கள். இரண்டு ஆட்கள் மளமளவென்று சட்டைகளைக் கழற்றினார்கள். பையன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விரல்களைப் பிரித்து எடுத்தார்கள், அரைத்துணியையும் உருவினார்கள். வாய் கோணி அழ ஆரம்பித்தான். "அப்படியே, அப்படியே இருக்கட்டும்" என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார் போட்டோக்காரர். உள்ளே அடுப்படியில் சமையல்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மலைக்குப் போனவர் போனவர்தான். நூல்கடைக்காரர் வேறு ஆளை அமர்த்தினார்.

சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, பையனை அவன் தாயிடம் கொடுத்தேன். உள்ளே நடந்ததை அவளிடம் சொன்னேன். "இன்னா பண்றது டீச்சரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கஞ்சிக்காகப் பொறுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழும் தெலுங்கும். நடுவில் பையன்தான் பெரிதாக நின்றான், அம்மணமாக, அழுதுகொண்டு. மேலே கொட்டை எழுத்தில், 'உடுக்க ஒரு முழத் துணியுமின்றி வாடும் நெசவாளர் மழலைகள்' என்று இருந்தது. செக்ரட்டரியே எழுதியது. நல்ல தமிழ் என்று கமிட்டியில் பாராட்டினார்கள். அந்த வரியில் ஒரு பேத்தல் இருப்பது அங்கே ஒருவருக்கும் படவில்லை. குயவன் வீட்டில் பானை இல்லை என்று எழுதுவார்களா?

ஆடிக் கிருத்திகைக்கு ஸ்டேஷனிலும் மலைப்படி அடியிலும் நின்று நோட்டீசை விநியோகித்தார்கள். காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் நாலா பக்கத்து நெசவாளர்களும் இருப்பார்கள். பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் வருவார்கள். இதை யோசிக்க வக்கீல் படிப்பு வேண்டாம். திருவிழா முடிந்த மறுநாள் அந்தப் பையனின் தகப்பன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். அதுவரை என்னிடம் நேருக்கு நேர் பேசாதவன். கையில் நோட்டீஸ், நாலாக மடித்தது.

"எங்க பாவா காவடிக்கு வந்தாரு. இத்த காட்டி, இன்னா மச்சான், புள்ளைக்கு சட்டை இல்லன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டாரு. தோள்ல இருந்த துண்ட எடுத்து புள்ளைக்குன்னு குடுத்தாரு டீச்சரம்மா." மடித்த நோட்டீசை இன்னும் ஒருமுறை மடித்தான். பிறகு சொன்னான்: "நான் துணி நெய்றவன்."

அந்த மைத்துனர் கேலி செய்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அன்பாகக் கேட்டதுதான் அவனை உடைத்துப் போட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகள் கஞ்சிக்கு வரவில்லை. ஒவ்வொரு வீடாக அந்தத் தெருவே ஒதுங்கியது. அந்தப் பையனின் அக்கா மட்டும் பள்ளிக்கூடம் வந்தாள், உதடு காய்ந்து. என் சோற்றில் பாதியைக் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நைனா வேணாம்னு சொல்லிச்சு." தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "அழுவுது" என்றாள். வீட்டுக்கே அரிசி எடுத்துப் போனேன். தகப்பன் கும்பிட்டு, திரும்பக் கொடுத்தான். தாய் உள்ளேயிருந்து வரவில்லை. பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், என் குடையை இழுக்கவில்லை.

செக்ரட்டரியிடம் போய்க் கத்தினேன். நோட்டீசை நிறுத்துங்கள், தெருவில் போய் மன்னிப்புக் கேளுங்கள், அவர்கள் பிள்ளைகள் மறுபடி வருவார்கள் என்றேன். "யார் பேரையும் போடலையே டீச்சர்" என்றார். முகத்தைப் போட்டுவிட்டுப் பேரைப் போடவில்லையாம். இப்போதும் இதே பதிலை என்னிடம் சொல்கிறார்கள்.

அதற்குள் கலெக்டர் ஒருநாள் சத்திரத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். நூல்கடைக்காரர் மாலை போட்டார், முதல் கரண்டி ஊற்றினார். கொஞ்ச நாளில் கண்ட்ரோல் நூலை விநியோகிக்கும் லைசென்ஸ் அவருக்கே கிடைத்தது. அதற்கப்புறம் மூட்டை வருவது குறைந்தது, பிறகு நின்றது. வியாபாரம் மந்தம் என்று சொல்லி அனுப்பினார். நோட்டீசைப் பார்த்துச் சென்னையிலிருந்து வந்தது நோட்டீஸ் அடித்த செலவுக்கே பத்தவில்லை என்றார் செக்ரட்டரி. சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூசாமல், "நீங்க அந்தப் பிடி அரிசியை மறுபடி ஆரம்பிங்களேன்" என்றார்.

போனேன். கோபத்தைப் பார்த்தால் மற்றத் தெருக்களிலிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள் சாப்பிட முடியுமா? ஆனால் வாசலில் முகங்கள் மாறியிருந்தன. "பானையில புளி போட்டு வெச்சிட்டேனே டீச்சரம்மா." "ஒங்களுக்குத்தான் பெரிய மனுசரு குடுத்துகினு இருக்காரே, எங்க பிடி அரிசி எதுக்கு?" குத்திக்காட்டிப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டார்கள். தினமும் கை தானாகப் போய் ஒரு பிடி எடுக்கும் பழக்கம், ஒருமுறை விட்டால் விட்டதுதான். பாதி வீடுகள்கூடத் திரும்பவில்லை. கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதியில் இதுதான் முக்கியம்: ஒரு பெரிய மூட்டையைப் பார்த்துச் சின்னப் பானைகளை விட்டுவிடாதீர்கள். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷமாகக் கடிதம் போடுவார்கள்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். அந்தப் பெண் சில நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. விசாரித்தபோது, அவள் தம்பி போய்விட்டான் என்றார்கள். ஓடினேன். புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். கஞ்சி குடித்திருந்தால் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலில் சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். ஆனால் அவன் உடம்பில் காய்ச்சலைத் தாங்க ஒன்றுமில்லாமல் இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும், செக்ரட்டரிக்குத் தெரியும், அந்தப் பலகையில் பேர் போட்டுக்கொண்டவருக்கும் தெரியும். யாரும் அதற்காக ஒரு வேளைச் சோற்றை விடவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அவன் தாய் வந்தாள். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் போகிறவரை காத்திருந்தாள்.

"அந்த போட்டோ ஒண்ணு கெடைக்குமா டீச்சரம்மா? அவன் மொகம் வேற எதுலயும் இல்ல. நாளாக ஆக மறந்துடுமோன்னு பயமா கீது."

வாங்கி வருகிறேன் என்று நேரே செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். குழந்தை இறந்ததைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. அந்த ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆனால் போட்டோவும் அதை அச்சடிக்கும் பிளாக்கும் சங்கத்துச் சொத்து, கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். தவிர, போட்டோ இப்போது கையில் இல்லை. அடுத்த நோட்டீசுக்காக அச்சாபீசுக்குப் போயிருக்கிறது.

"அதே படமா?"

"நல்லா அமைஞ்ச படம், டீச்சர்."

அங்கே நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. வாசல்படி இறங்கியபோதே சங்கத்தை விட்டேன்.

என்னிடம் பழைய நோட்டீஸ் ஒன்று இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து மேலே இருந்த கொட்டை எழுத்தை வெட்டி எறிந்தேன். கீழே இருந்த நூல்கடைக்காரர் பேரை வெட்டினேன். சுற்றி நின்ற மற்றப் பிள்ளைகளையும் எடுத்துவிட்டு, பையன் மட்டும் நிற்கும் துண்டை மறுநாள் அவளிடம் கொடுத்தேன்.

வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. பிறகு அந்தத் துண்டை என்னிடமே நீட்டினாள்.

"கழுத்தாண்ட வெட்டிக் குடுத்துடுங்க டீச்சரம்மா" என்றாள்.

வெட்டினேன். கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு முகம் மிஞ்சியது. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.